ஆடி முதலாந் திகதி எந்த நாள்?

யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் ஆடி முதலாந் திகதி எப்போது வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கூழும் கொழுக்கட்டையும் மனதில் இருந்தால் யூலை 17 என்பார். ஓய்வூதியமோ வீட்டு வாடகையோ மனதில் இருந்தால் யூலை 1 என்பார். இரண்டு விடையும் சரியானவையே. எங்கள் மண்ணில் ஆடி என்ற ஒரே சொல் இரண்டு மாதங்களைக் குறிக்கிறது. ஒன்று, சூரியன் கடகராசியில் புகும்போது பிறக்கின்ற பஞ்சாங்க மாதம். மற்றையது, சுவரில் தொங்கும் ஆங்கில நாட்காட்டியின் ஏழாவது மாதம்.

தமிழகத்து வாசகர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். அங்கே ஆடி என்றால் ஆடி, ஜூலை என்றால் ஜூலை. ஈழத்திலோ தை, மாசி, பங்குனி தொடங்கி மார்கழி வரையுள்ள பன்னிரண்டு பெயர்களும் ஜனவரி முதல் டிசெம்பர் வரையான மாதங்களுக்கும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. 1983 இன் இனவன்செயலை ஆடிக் கலவரம் என்கிறோம். அதற்கு முன்னோடியாகத் திருநெல்வேலித் தாக்குதல் நடந்த யூலை 23, பஞ்சாங்கப்படி ஆடி 7. ஆனால் அதை ஆடி 23 என்று சொல்பவரைக் கண்டிருக்கிறேன். ஆடி 7 என்று சொல்பவரை இன்றுவரை கண்டதில்லை. கார்த்திகை 27 என்றால் நவம்பர் 27 என்பது எல்லோருக்கும் தெரியும். அதே வாயால் கார்த்திகை விளக்கீடு என்றும் சொல்கிறோம். அது பஞ்சாங்கக் கார்த்திகை. பஞ்சாங்கத்தின்படி கார்த்திகை 27 பிறப்பதற்கு டிசெம்பர் நடுப்பகுதி ஆகிவிடும்.

பேச்சில் இதனால் கேடு ஒன்றும் இல்லை. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் இடமும் சூழலும் தெரியும். கணினிக்குச் சூழல் தெரியாது. பழைய பத்திரிகைகள், கோவில் கணக்குகள், பிறப்பு இறப்புப் பதிவேடுகள், காணாமற்போனோர் பட்டியல்கள் என்று எமது காகிதங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏறிக்கொண்டிருக்கும் காலம் இது. அவற்றை ஏற்றுவதற்கு நிரல் எழுதும் இளைஞர்களில் பலர் யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்கள் உருவாக்குவதைப் பிற்காலத்தில் நம்பப் போகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். நான் நிரலாளன் அல்லன், கலைப்பீடத்தில் படித்தவன். ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாகத் திகதியையும் நேரத்தையும் எழுத்தில் வடித்துக் கொடுத்தே சம்பளம் வாங்கியவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கணினி தன் உள்ளே காலத்தை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கணினிகள் 1970 ஜனவரி 1 ஆம் திகதி கிரீன்விச் நள்ளிரவிலிருந்து கடந்த செக்கன்களை எண்ணிக்கொண்டே போகின்றன. அந்த எண்ணுக்கு நாடு இல்லை, மொழி இல்லை, மாதப் பெயர் இல்லை. மனிதர் பார்ப்பதற்காக அதை எழுத்தாக்கும்போதுதான் இவை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்கின்றன. நாளை முதலில் போடு, பின்னர் மாதத்தின் முழுப்பெயரைப் போடு, ஆண்டை நான்கு இலக்கத்தில் போடு என்று நிரலாளர் ஒரு வாய்பாடு எழுதிக் கொடுப்பார். சி நிரல்மொழியின் 1989 ஆம் ஆண்டுத் தரப்படுத்தலிலேயே இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. எமது ஆசிரியபீடத்தில் உதவி ஆசிரியர் செய்யும் வேலைதான் இது.

எண்ணை எழுத்தாக்குவது நெல்லைக் குற்றி அரிசியாக்குவது போன்றது. எளிது, உண்பதற்கும் அரிசிதான் வேண்டும். ஆனால் அரிசியை விதைத்தால் முளைக்காது. எழுத்தாகிவிட்ட திகதியைத் திரும்பவும் எண்ணாக்க முயலும்போது அதனுடன் இருந்த இடம், நாட்காட்டி, எழுதியவரின் வழக்கம் எல்லாம் போய்விட்டிருக்கும்.

இதன் சிறிய வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததே. 05/07 என்று எழுதினால் யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் யூலை 5. அமெரிக்காவில் மே 7. கனடாவில் இரண்டு வழக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கின்றன. ரொறன்ரோவில் இருக்கும் உறவினர்கள் பாற்பக்கற்றில் அடித்த திகதியைப் பார்த்துத் தடுமாறுவதைக் கேட்டிருக்கிறேன். இதைத் தீர்ப்பதற்கென 1988 இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற தரம் வந்தது. ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் இலக்கங்களாகவே எழுதுவது அது. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் எமது பழைய பத்திரிகைகளின் தலைப்புகளைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில்தான் திகதி நிற்கும். இந்த நல்ல பழக்கத்திற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஈழத்து ஆவணத்தில் ஆடி என்றோ கார்த்திகை என்றோ எழுதியிருந்தால் மயக்கம் வரலாம். 07 என்று எழுதினால் வராது.

ஆனால் மாதப் பெயர் இந்தக் கதையின் பாதிதான். மற்றப் பாதி மணிக்கூடு.

1996 மே 25 ஆம் திகதி இலங்கை அரசு மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக நாட்டின் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. கிரீன்விச் நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முன்னே இருந்த நாடு ஆறரை மணித்தியாலம் முன்னே போயிற்று. விடியாத இருட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்று முறைப்பாடுகள் எழ, அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னே கொண்டுவந்து ஆறு மணித்தியாலத்தில் நிறுத்தினார்கள். ஒன்பதரை ஆண்டுகள் அப்படியே கிடந்து, 2006 ஏப்ரல் 15 இல் மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பினோம். இப்போது இந்திய நேரமும் இலங்கை நேரமும் ஒன்றே.

யாழ்ப்பாணத்தில் இது எப்படி வந்து விழுந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. டிசெம்பரில் நகரம் இராணுவத்தின் கையில் போயிற்று. 1996 ஏப்ரலிலும் மேயிலும் தென்மராட்சியும் வடமராட்சியும் போக, சனங்கள் உடைந்த வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் கூரை இருக்கிறதா, கிணற்றில் என்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரங்களில்தான் மணிக்கூட்டையும் மாற்றச் சொன்னார்கள். வன்னியிலோ விடுதலைப்புலிகள் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய ஐந்தரையே ஓடியது. பழைய நேரம், புதிய நேரம் என்ற இரண்டு சொற்கள் எங்கள் வாழ்க்கையில் அன்று நுழைந்தன. திருமண அழைப்பிலும் மரணச் சடங்கிலும் நேரத்தைச் சொன்னவுடன் கேட்கப்படும் முதற் கேள்வி, பழைய நேரமா புதிய நேரமா என்பதுதான்.

அப்போது நான் இளம் செய்தியாளன். ஒரு சம்பவத்தைக் குறித்து மூன்று பேரிடம் கேட்டால் மூன்று நேரம் கிடைக்கும். ஒருவர் வானொலி நேரத்தைச் சொல்வார். இன்னொருவர் மாற்றாத கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். மூன்றாமவர் வெயிலைக் கொண்டு சொல்வார். பல வேளைகளில் அவர் சொன்னதே நம்பிக்கைக்குரியதாக இருந்தது. பத்திரிகையில் நாங்கள் அச்சிட்டதோ "பிற்பகல் 4.30" என்பது மட்டும். அன்றைய வாசகருக்கு அது போதும். முப்பது ஆண்டுகள் கழித்து அதை எடுத்துத் தரவுத்தளத்தில் இடுகிறவருக்குப் போதாது.

எதற்காக இதைப் பெரிதுபடுத்துகிறேன் என்று கேட்பீர்கள். ஒரு மணித்தியாலம் அப்படி என்ன பெரிய விடயம்? 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருஷாந்தி குமாரசுவாமி பரீட்சை எழுதிவிட்டு வீடு திரும்பும் வழியில் கைதடிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவரும் திரும்பி வரவில்லை. அந்த ஆண்டில் யாழ் குடாநாட்டில் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போன இளைஞர்கள் பல நூற்றுவர். கிருஷாந்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவத்தினர் ஒருவரின் வாக்குமூலத்தால் 1999 இல் செம்மணியில் தோண்டப்பட்டு 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025 இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் அகழ்ந்தார்கள். 1996 இல் ஆறரை மணித்தியால நேரம் நாட்டில் ஓடியது மே 25 முதல் ஒக்டோபர் 26 வரையான ஐந்து மாதங்கள் மட்டுமே. எமது வரலாற்றில் மிக அதிகமாகச் சாட்சியம் தேவைப்படும் காலங்களில் ஒன்று இந்த ஐந்து மாதங்கள். யார் எத்தனை மணிக்கு எந்தச் சாவடியில் கடைசியாகக் காணப்பட்டார் என்பது அந்தச் சாட்சியங்களின் உயிர்நாடி.

இனி நிரலாளர் ஒருவர் அந்தச் சாட்சியங்களைப் பதிவதாக வைத்துக்கொள்வோம். தாய் ஒருவர் "காலை பதினொன்றரை" என்று சொல்லியிருக்கிறார். புதிய நேரப்படி அது கிரீன்விச் நேரம் காலை 5 மணி. பழைய நேரப்படி 6 மணி. இலங்கை என்றால் ஐந்தரை என்று இன்றைய கணக்கை மட்டும் நிரலில் பொறித்து வைத்திருந்தால், புதிய நேரத்தில் சொல்லப்பட்ட எல்லாச் சாட்சியமும் ஒரு மணித்தியாலம் பிசகிவிடும். பின்னர் ஒரு விசாரணையில் இராணுவத்தின் குறிப்பேட்டு நேரமும் தாயின் நேரமும் முட்டிக்கொள்ளும். அப்போது தாய் சொன்னது பொய் என்று எழுதுவதற்கு ஆள் இருக்கும். நிரல் பிழை என்று எழுதுவதற்கு ஆள் இருக்காது.

நள்ளிரவை ஒட்டிய சம்பவங்களில் நேரம் மட்டுமல்ல, திகதியே மாறிவிடும். கொழும்பு நேரப்படி 1996 யூலை 18 நள்ளிரவு 12.20 என்றால் வன்னியில் யூலை 17 இரவு 11.20. போர்க்காலத்தில் இரு தரப்பு அறிக்கைகளையும் பக்கத்தில் வைத்து வாசித்தவர்களுக்கு இந்த முரண்பாடு புதிதல்ல. 1997 இல் தொடங்கிய தமிழ்நெற் இணையத்தளம் தனது செய்திகளின் தலையில் கிரீன்விச் நேரத்தையே பொறித்து வந்தது. அந்தத் தளத்தின் அரசியல் குறித்து எவருக்கு என்ன கருத்திருந்தாலும், இந்த ஒரு பழக்கத்தால் அவர்களின் நேரமுத்திரையை இன்றும் மயக்கமின்றிப் பயன்படுத்த முடிகிறது.

உலகம் எங்கும் கணினிகள் நம்பியிருக்கும் நேரவலயத் தரவுத்தளம் ஒன்று உண்டு. ஆதர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடங்கி, போல் எகேர்ட் என்ற கணினியியலாளர் பேணி வருவது. எந்த நாடு எந்தத் திகதியில் மணிக்கூட்டை எவ்வளவு நகர்த்தியது என்பதெல்லாம் அதிலே வரிவரியாக இருக்கும். இலங்கைக்கு "ஆசியா/கொழும்பு" என்ற ஒரே பதிவுதான். 1996 இன் இரு மாற்றங்களும் 2006 இன் மாற்றமும் அதில் சரியாகவே உள்ளன. எண்ணை எழுத்தாக்கும்போது நிரல் இந்தத் தரவுத்தளத்தைக் கேட்டுச் செய்தால் மேலே சொன்ன பிசகு வராது. கவனத்திற்குரியது அதிலுள்ள குறிப்பு ஒன்று. 2006 ஏப்ரலில் எகேர்ட் எழுதியது: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்வோர் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்திக் கொள்ளலாம்; 1970 முதல் இரண்டும் ஒத்தே இருந்திருக்கின்றன என்பது அதன் சாரம். கிளிநொச்சியின் நேரத்தைக் கொல்கத்தாவின் பெயரில் எழுதச் சொல்லும் இந்தக் குறிப்பை முதன்முதலில் வாசித்தபோது சிரிப்பும் வந்தது, ஏதோ ஒரு மரியாதையும் தோன்றியது. எங்கோ இருந்த ஒருவர் எங்கள் மணிக்கூட்டைப் பற்றியும் யோசித்திருக்கிறார்.

ஆயினும் தரவுத்தளத்தால் முடியாத ஒன்றும் உண்டு. கிளிநொச்சி 1996 செப்டெம்பரில் இராணுவத்திடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் புலிகளிடம் திரும்பியது. அதாவது நேர எல்லை முன்னரங்க நிலைகளோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. 2002 இல் ஏ9 பாதை திறந்த பின்னர் முகமாலையைக் கடந்து போனவர்கள் அடையாள அட்டையைக் காட்டுவதோடு கைக்கடிகாரத்தையும் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். அந்தக் கோட்டை எந்தத் தரவுத்தளமும் வைத்திருக்கவில்லை. நிரலாளர் ஊரவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஈழநாதத்தில் வந்த நேரம் பழையது, யாழ்ப்பாணப் பத்திரிகையில் வந்த நேரம் பெரும்பாலும் புதியது என்பது போன்ற அறிவு இன்னும் சிலரிடம் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் என்றும் இருக்கப் போவதில்லை.

2006 மாற்றத்தின்போது வேறொரு வேடிக்கையும் நடந்தது. விண்டோஸ் கணினிகளில் "ஸ்ரீ ஜயவர்த்தனபுர" என்ற பெயரில் இருந்த வலயம் ஆறு மணித்தியாலத்திலேயே நின்றது. திருத்தம் வந்து சேராத கணினிகளில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்ற வரியைத் தெரிவு செய்து தப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியோ இன்றைய விதியைப் பழைய கோப்புகளுக்கும் போடும் இயல்பு கொண்டது. 2005 இல் காலை 8 மணிக்குச் சேமித்த கோப்பு, மறு ஆண்டு 7.30 க்குச் சேமித்ததாகக் காட்டியது. கோப்பு மாறவில்லை, அதன் உள்ளே இருந்த எண்ணும் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறிவிட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். தமிழில் திகதியை எழுத்தாக்கும்போது மாதப் பெயர், கிழமைப் பெயர், முற்பகல் பிற்பகல் எல்லாவற்றையும் கணினி எங்கிருந்து எடுக்கிறது? யூனிக்கோடு அமைப்பு பேணும் சி.எல்.டி.ஆர். என்ற பொதுத் தரவுத் தொகுதி உண்டு. அதில் தமிழுக்கென ஒரு தாய்ப்பட்டியல் இருக்கிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவை பிள்ளைகள். பிள்ளை தனக்கென எதையும் சொல்லாவிட்டால் தாயிடமிருந்து பெற்றுக்கொள்ளும். தாய்ப்பட்டியல் இந்தியத் தமிழ் வழக்கு. இலங்கைத் தமிழ் தனக்கெனச் சொல்லியிருப்பது மிகச் சிறிது. இருபத்துநான்கு மணிநேர முறையைப் பயன்படுத்துவது அதில் ஒன்று. மற்றபடி யூலை என்று எழுதிப் பழகிய எமக்கு ஜூலை வரும். ஒக்டோபர் அக்டோபராக வரும். திகதி தேதியாக வரும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. எழுத்துக்கூட்டலுக்காகச் சண்டை பிடிக்கும் வயதைக் கடந்துவிட்டேன்.

மனக்குறை வேறு இடத்தில். இரவு பதினொன்றரையைப் "பிற்பகல் 11:30" என்று கணினி எழுதும்போது தமிழ் தெரிந்த எவருக்கும் உறுத்தும். பகலே இல்லாத நேரத்தில் பிற்பகல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தின் இரு கூறுகளை இரண்டு தமிழ்ச் சொற்களால் நிரப்பியதால் வந்த வினை. இதை உணர்ந்து பிற்காலத்தில் நாளைப் பல பொழுதுகளாகப் பகுக்கும் வசதியும் அதே தொகுதியில் வந்தது. அதிகாலை, காலை, மதியம், பிற்பகல், மாலை, அந்தி மாலை, இரவு என்று தமிழுக்கு அங்கே இடம் இருக்கிறது. வாய்பாட்டில் ஓர் எழுத்தை மாற்றினால் போதும். ஆனால் பெரும்பாலான நிரல்கள் அதைக் கேட்பதே இல்லை. கேட்டாலும் இரவு எட்டே முக்காலை அந்தி மாலை என்று சொல்லும். பின்னேரம் என்ற எமது அருமையான சொல் அங்கே இல்லை. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். கருத்துரைப்பதற்கு அங்கே வழி இருக்கிறது.

அப்படியானால் இலங்கைத் தமிழ்ப் பட்டியலில் ஜூலைக்குப் பதிலாக ஆடி என்று போடச் சொல்லலாமா? எங்கள் வழக்கம் அதுதானே என்று வாதிடுபவர்களை எனக்குத் தெரியும். நான் அதற்கு உடன்படமாட்டேன். கணினி எழுதித் தரும் ஆடி 5, யூலை 5 ஆ யூலை 21 ஆ என்பதை வாசிப்பவர் அறிய வழியில்லை. ஜாதகக் குறிப்பில் ஆடி 5 என்றால் பஞ்சாங்க ஆடி. அலுவலகக் கடிதத்தில் ஆடி 5 என்றால் ஆங்கில மாதம். இரண்டையும் ஒரே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வெளிநாட்டுக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினால், ஒரே மனிதருக்குப் பதினாறு நாள் இடைவெளியில் இரண்டு பிறந்தநாள்கள் வந்துவிடும். அகதி விண்ணப்பத்தில் திகதி முரண்பாடு என்பது அச்சுப்பிழையாகக் கருதப்படுவதில்லை. விண்ணப்பதாரரின் நம்பகத்தன்மைக்கே எதிராக எடைபோடப்படும். தூய தமிழின் பெயரால் அந்தச் சுமையை எவர் தலையிலும் ஏற்ற எனக்கு மனம் வராது. ஆங்கில மாதத்துக்கு ஆங்கிலப் பெயரையே எழுதுங்கள். ஆடியை ஆடிப்பிறப்புக்கும், தையைத் தைப்பொங்கலுக்கும் விட்டுவிடுங்கள். பத்திரிகைகளும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே என் கருத்து; சக பத்திரிகையாளர்கள் பலர் இதில் என்னோடு முரண்படுவார்கள்.

மயக்கம் தரும் திகதி எமக்குப் புதிதும் அல்ல. பழைய ஏடுகளில் ஆண்டுக்குப் பெயர் மட்டும் எழுதுவார்கள். பிரபவ என்றால் 1927 இல் தொடங்கிய ஆண்டா, 1987 இல் தொடங்கியதா? அறுபது ஆண்டுக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவிட்டு 2000 ஆம் ஆண்டு வருகிறதே என்று உலகக் கணினித்துறை அலறியதைப் பார்த்தபோது, எங்கள் ஏட்டுச்சுவடி எழுதியவர்கள் எனக்கு நினைவுக்கு வந்தார்கள். நவீனர்களும் சளைத்தவர்கள் அல்லர். ஜாவா மொழியின் வாய்பாட்டில் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைச் சிறிதாகப் போடுவதற்குப் பதில் பெரிதாகப் போட்டால், வாரக் கணக்குப்படியான ஆண்டு வந்துவிடும். வருடம் முழுவதும் சரியாகக் காட்டி, டிசெம்பரின் கடைசி நாட்களில் மட்டும் அடுத்த ஆண்டைக் காட்டும். 2014 டிசெம்பர் 29 இல் ருவிற்றரின் அன்ட்ரொயிட் செயலி பலரை வெளியே தள்ளியது இத்தகைய பிசகால்தான்.

நிரல் எழுதும் தம்பி தங்கையரிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஆவணத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் முதலில் பதியுங்கள்: "ஆடி 5, பின்னேரம் நாலரை" என்று இருந்தால் அப்படியே. அதைத் திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். பக்கத்தில் நீங்கள் கணித்த திகதியை ஐ.எஸ்.ஓ. முறையில், கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு தூரம் என்ற எண்ணுடன் வையுங்கள். எந்த நாட்காட்டி, பழைய நேரமா புதிய நேரமா என்று எப்படி முடிவு செய்தீர்கள் என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். முடிவு செய்ய முடியாவிட்டால் முடியவில்லை என்றே எழுதுங்கள். வெற்றிடத்தை நிரல் தானாக நிரப்ப விடாதீர்கள். திரையில் தமிழில் காட்டுவது கடைசி வேலை. அதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

குறிப்பாக ஓர் அரை மணித்தியாலத்தைக் கவனியுங்கள். 2006 ஏப்ரல் 15 ஆம் திகதி நள்ளிரவு தாண்டி 12.30 ஆனபோது மணிக்கூடு மீண்டும் 12.00 க்குத் திரும்பியது. ஆகவே அன்றிரவு 12.15 இரண்டு தடவை வந்தது. 1996 ஒக்டோபர் 26 இலும் அப்படியே. 1996 மே 25 இலோ 12.15 என்ற நேரமே இல்லை, 12.00 இலிருந்து நேரே 1.00 க்குத் தாவியது. இந்த மூன்று இரவுகளில் நிகழ்ந்த பிறப்போ இறப்போ உங்கள் பதிவுகளில் இருந்தால், அந்த வீட்டில் அன்று விழித்திருந்தவர் எவராவது உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டுவிடுங்கள்.